கரண்டு படாத இடம்

பென்னலூர் யேசுராஜ் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர். முகமூடி போடாமல் லைனுக்குள் நுழைந்தவனை, அவன் மேனேஜராகவே இருந்தாலும், வெளியே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றும், அது ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றும் சொன்னபோது பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பீடி இல்ல, சிகரெட் இல்ல, குடி இல்ல. எனக்கு எப்டி டாக்டர் வரும்?" என்று மேஜையைத் தட்டிவிட்டுப் பிறகுதான், தட்டியது ஒரு பெண் டாக்டரின் மேஜை என்று கூச்சப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் ஜோஸ்லினுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பூந்தமல்லிப் பக்கம் இருந்த அந்தப் பெரிய மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு அவர் பொறுப்பு. அவருக்குக் கோபம் வரவில்லை.

"புகையே பிடிக்காத நிறையப் பேருக்கு வருது சார். உங்க ஒருத்தருக்கு ஏன் வந்துச்சுன்னு காரணத்தைக் கைநீட்டிக் காட்ட என்னால முடியாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஃபாத்திமா, "காரணம் கெடக்கட்டும் டாக்டர். வழி இன்னான்னு சொல்லுங்க" என்றாள்.

வழி என்று டாக்டர் சொன்னதுதான் யேசுராஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

"உங்க கம்பெனி கேட்ல செக்யூரிட்டி நிக்கிறாங்க இல்ல? நம்ம ரத்தத்திலயும் அப்படி ஒரு காவல் உண்டு. வெளியாள் நுழைஞ்சா பிடிச்சுடும். இந்த நோய் வெளியாள் இல்ல. உங்க உடம்புலயே பொறந்தது. அதனால ஐடி கார்டைக் காட்டிட்டு உள்ளேயே தைரியமாச் சுத்துது. நாங்க ட்ரிப்ல ஏத்தப்போற மருந்து நோயைத் தொடாது. காவலைப் பார்த்து, 'அந்தக் கார்டை நம்பாதே'ன்னு சொல்லும். அவ்வளவுதான்."

"அப்ப கரண்டு எதுக்கு?" என்றாள் ஃபாத்திமா. கதிர்வீச்சுக்கு ஊரில் கரண்டு வைப்பது என்றுதான் பெயர்.

"கரண்டு வைக்கிறப்ப கட்டி உடையும். உடைஞ்ச துணுக்கு ரத்தத்தில சிதறும். காவல் அதைப் பார்த்து, இவன் முகம் இப்படித்தான் இருக்கும்னு பழகிக்கலாம். பழகிட்டா, நாங்க தொடாத இடத்தில ஒளிஞ்சிருக்கிறவனையும் தேடிப் போகலாம். நெஞ்சுல மட்டும்தான் நாங்க கதிர் வைப்போம். ஈரல்ல இருக்கிறது பக்கமே போகமாட்டோம். அது தானாக் கரையுதான்னு பார்ப்போம். சிலருக்குக் கரைஞ்சிருக்கு. எல்லாருக்கும் இல்ல."

யேசுராஜ் தன் வலது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்து நான்கு வருடமாக அங்கே ஒரு ஈரல் இருந்திருக்கிறது. ஒருநாளும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. கதிரைக் கொடுப்பதில் இரண்டு முறை இருக்கிறது என்றார். பெரிய பெரிய அளவாக நான்கே நாளில் முடித்துவிடுவது ஒன்று. சின்னச் சின்ன அளவாக மூன்று வாரம் கொடுப்பது மற்றொன்று. இந்த மருந்தோடு சேரும்போது எந்த முறை காவலை நன்றாக எழுப்புகிறது என்று பார்க்கத்தான் இங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. விருப்பம் இருந்தால் சேரலாம், வேண்டாம் என்றால் வழக்கமான வைத்தியம் அப்படியே நடக்கும்.

"ரெண்டுல எது நல்லது?"

"தெரியாது சார்."

யேசுராஜ் சிரித்தே விட்டார். கம்பெனிக்கு ஆடிட் வந்தால், வெளிநாட்டுக்காரன் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது என்று தன் ஆட்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். இத்தனை படித்த ஒருத்தி, இத்தனை பெரிய மெஷினை வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகத் தெரியாது என்கிறாள்.

"பெயின்ட் காய வைக்கிற எங்க ஓவன்லயும் இதே கதைதான் டாக்டர். அதிக சூட்ல சீக்கிரம் எடுக்கலாம், கம்மி சூட்ல நேரம் வச்சும் எடுக்கலாம். ஆனா எது நல்லா வந்துச்சுன்னு வெளிய வந்த உடனே பாத்துச் சொல்லிடுவேன்."

"உங்களுக்கு எல்லாம் ஒரே தகடு. எனக்கு வர்ற ஒவ்வொருத்தரும் வேற வேற தகடு" என்றார் டாக்டர்.

ஃபாத்திமா விடவில்லை. "உங்கப்பாவுக்கு இது வந்திருந்தா எதக் குடுத்திருப்பீங்க? மறைக்காம சொல்லுங்கம்மா."

டாக்டர் ஜோஸ்லின் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "எங்கப்பாவையும் கம்ப்யூட்டர்கிட்டதாம்மா விட்டிருப்பேன். யாருக்கு எதுன்னு அதுதான் குலுக்கிப் போடும். நான் பொறுக்கினா, திடமா இருக்கிறவங்களை ஒரு பக்கமும் தளர்ந்தவங்களை இன்னொரு பக்கமும் என்னை அறியாமலே தள்ளிடுவேன். அப்புறம் எது நல்லதுன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

யேசுராஜ் சேர்ந்தார். கம்ப்யூட்டர் அவருக்கு மூன்று வாரம் என்றது.

மாரிசெல்வியை அவர் பார்த்தது அந்த வாரம், கதிர்வீச்சு அறைக்கு வெளியே இருந்த காத்திருப்புக் கூடத்தில். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபது வயதில் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ் ஏறி வந்தவள். இங்கேயே ஷிப்ட் பஸ் ஓட்டும் பேச்சியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைப்பாக்கத்தில் குடித்தனம் போட்டுவிட்டாள். சர்க்யூட் போர்டுகளை லென்சுக்குக் கீழே வைத்துக் குறை பார்ப்பது அவள் வேலை. அவளுக்கும் நுரையீரல்தான், சொல்லிவைத்தாற்போல் அவளுக்கும் ஈரலில் பரவியிருந்தது. அவளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது நான்கு நாள்.

"நாலு நாள்ல என்னத்தத் தீரும்? அண்ணாச்சிக்கு மட்டும் மூணு வாரம் வக்கிதாவ" என்று பேச்சி முதல் நாளே குறைப்பட்டுக்கொண்டான். யேசுராஜுக்கு அதற்கு நேர்மாறான குறை. அவளுக்கு ஓங்கி அடிக்கிறார்கள், தனக்கு மட்டும் தட்டிக் கொடுக்கிறார்களோ என்று. இதை அவர் வெளியே சொன்னதும் மாரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்து, இருமி முடித்து, மறுபடியும் சிரித்தாள்.

"ரெண்டு பேருக்கும் அடுத்த எலைதான் பெருசாத் தெரியுது. நல்ல ஆளுக போங்க!"

அன்றிலிருந்து ஒன்றாகவே போய் வந்தார்கள். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்த பேச்சி, தன் பழைய ஆம்னியில் மாரிசெல்வியை ஏற்றிக்கொண்டு பென்னலூர் வழியாக வந்து யேசுராஜையும் ஃபாத்திமாவையும் கூட்டிக்கொள்வான். இருங்காட்டுக்கோட்டை தாண்டும்வரை புதுக்கார்களைச் சுமந்த டிரெய்லர்களும் கன்டெய்னர்களும் வழி விடாது. அந்த நெரிசலில் மாரிசெல்வி பேசிக்கொண்டே வருவாள். அவள் பேச்சில் நோய் ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் போல வந்து போகும்.

முதல் நாள் யேசுராஜ் அந்த அறைக்குள் போய்ப் படுத்தார். முதுகுக்கும் தோளுக்கும் அச்செடுத்தது போல ஒரு மெத்தை செய்து வைத்திருந்தார்கள். நெஞ்சில் மையால் கோடுகள் போட்டு, குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவு மூடிக்கொண்டது. எங்கிருந்தோ ஒரு குரல், "அசையாம இருங்க சார், நாங்க பார்த்துட்டுத்தான் இருக்கோம்" என்றது. மெஷின் தன் பெரிய தலையை அவரைச் சுற்றி மெதுவாகத் திருப்பியது. சூடு இல்லை, வலி இல்லை, வெளிச்சம்கூட இல்லை. எதுவுமே நடக்காதது போல இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் எலும்பைத் தாண்டி, தோலைச் சுடாமல், சொன்ன இடத்துக்கு மட்டும் போய்ச் சேருகிறது என்பதை நினைத்ததும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூச்சைக்கூடப் பயந்து பயந்து விட்டார்.

வெளியே வந்ததும், "அதுக்குள்ளயா?" என்றாள் ஃபாத்திமா.

"முடிஞ்சிடுச்சாம்."

மாரிசெல்வி உள்ளே போனால் அத்தனை சீக்கிரம் வரமாட்டாள். பெரிய அளவு என்பதால் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து, மயிரிழை பிசகாமல் பொருத்தி, அப்புறம்தான் கதிரைத் திறப்பார்களாம். நான்காம் நாள் அவள் வெளியே வந்து, "எனக்கு லீவு விட்டாச்சு அண்ணாச்சி" என்றாள்.

யேசுராஜுக்கு மூன்றாம் வாரத்தில் தொண்டை புண்ணாகிவிட்டது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. ஃபாத்திமா சோற்றைக் குழைத்து மோர் விட்டுக் கரைத்து டம்ளரில் கொடுத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கமாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் ஷாரோன் போனில், "குணமாயிடும்ப்பா, கரண்டு வக்கிறவங்க எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குணமானது.

மருந்து ஏற்றும் நாட்கள் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே விழுந்தன. பக்கத்துப் பக்கத்துச் சாய்வு நாற்காலி. சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த மருந்து தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. யேசுராஜுக்கு அதுவும் ஆச்சரியம்தான். எத்தனை நிறத்தைக் கையாண்டவர் அவர்.

இரண்டாவது தடவை ஏற்றியதற்குப் பிறகு மாரிசெல்விக்குக் கை கால் எல்லாம் அரிப்பு. டாக்டர் களிம்பு கொடுத்து, காவல் விழித்துக்கொண்டால் சிலசமயம் சொந்தத் தோலையே சீண்டிப் பார்க்கும் என்று சொன்னாராம்.

"எங்க வாட்ச்மேன் எந்திரிச்சிட்டாம் அண்ணாச்சி. கள்ளனப் பிடிக்கச் சொன்னா வீட்டுக்காரியவே பிறாண்டுதான்" என்றாள் அவள். யேசுராஜுக்கு அரிப்பே இல்லை. ஆகவே தன் காவல்காரன் இன்னும் தூங்குகிறான் என்று அவர் உள்ளூர நம்பினார். அவளுக்கு மருந்து கேட்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பொறாமைப்படவும் முடியவில்லை. அத்தனை பிரியமாக இருந்தாள்.

ஸ்கேன் முடிவு சொல்லும் நாளும் இருவருக்கும் ஒரே நாள். யேசுராஜை முதலில் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஜோஸ்லின் திரையில் இரண்டு படங்களை வைத்திருந்தார். இடது பக்கம் சிகிச்சைக்கு முன்னால் எடுத்தது. நெஞ்சில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு, கீழே ஈரலில் மூன்று வட்டங்கள். வலது பக்கம் இப்போது எடுத்தது.

"நெஞ்சுல இருக்கிறது நல்லாச் சுருங்கியிருக்கு. கதிர் வச்ச இடம், அது நாங்க எதிர்பார்த்ததுதான். ஈரலைப் பாருங்க."

யேசுராஜ் பார்த்தார். வட்டங்களைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு தேடினார்.

"எங்க டாக்டர்?"

"அதான் சார். காணோம்."

ஃபாத்திமா எழுந்தே விட்டாள். "இது வேற யாரோட படமோ! மாத்தி எடுத்துக்கினு வந்துட்டீங்க. பேரைப் பாருங்க."

டாக்டர் விரலால் படத்தின் மூலையைக் காட்டினார். யேசுராஜ் என்று இருந்தது. ஃபாத்திமா எழுத்துக்கூட்டி வாசித்து, இன்னொரு தடவை வாசித்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. யேசுராஜுக்கு ஜெபம்கூட வரவில்லை. அந்த ஈரலை யாரும் தொடவில்லை. கதிர் போகவில்லை, கத்தி போகவில்லை. போன மருந்துக்கும் நோயைத் தொடத் தெரியாது. நெஞ்சில் உடைந்த ஒன்றின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் தூங்கிக்கொண்டும் மோர்ச்சோறு குடித்துக்கொண்டும் ஃபாத்திமாவிடம் சிடுசிடுத்துக்கொண்டும் இருந்த நாட்களில், அவருக்கே தெரியாமல் அவருக்குள்ளிருந்து ஏதோ புறப்பட்டுப் போய் இதைச் செய்துவிட்டு வந்திருக்கிறது. வேலை முடித்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், முன்பின் பழக்கமில்லாத ஒருவருடைய கைகளைப் போல.

"முழுசாப் போயிடுச்சான்னு இப்பவே சொல்லமாட்டேன். தொடர்ந்து பார்க்கணும்" என்றார் டாக்டர். "நானே இந்த மாதிரி அடிக்கடி பார்க்கிறதில்ல சார்."

வெளியே வந்தபோது மாரிசெல்வியும் பேச்சியும் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. பேச்சியின் கண்கள் சிவந்திருந்தன. அவன் நேராக நடந்துபோய்த் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். மாரிசெல்விதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நெஞ்சுல கருகிப் போச்சாம் அண்ணாச்சி, சுத்தமா. ஆனா ஈரல்ல இருக்கது வளந்துட்டு. புதுசா வேற ரெண்டு வந்துருக்கு."

யேசுராஜ் எழுந்தார். டாக்டர் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"டாக்டர், எனக்குக் குடுத்ததை அந்தப் பொண்ணுக்கும் குடுங்க. மூணு வாரம். அதான் வேலை செய்யுது, கண்ணாலே பாத்தோமில்ல? அந்தக் கம்ப்யூட்டர் இன்னாத்தக் கண்டுச்சு?"

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அவங்களைப் பத்தி உங்ககிட்ட நான் பேசக்கூடாது சார். பொதுவாச் சொல்றேன். மூணு வாரம் வாங்கினவங்களிலயே ஈரல்ல மருந்து கேக்காமப் போனவங்க இருக்காங்க. நாலு நாள்ல முடிச்சவங்களில உங்களை மாதிரிக் கரைஞ்சவங்களும் இருக்காங்க. உங்களுக்கு நடந்தது மூணு வாரத்தாலயா, மருந்தாலயா, உங்க ரத்தத்தோட குணத்தாலயா, எனக்குத் தெரியாது. ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எதுவுமே தெரியாது. ஊர் ஊரா எத்தனையோ பேர் இப்படிப் படுத்து எழுந்த அப்புறம்தான், லேசா ஏதாவது தெரியும்."

"அப்ப நான் நல்லானதுல ஒண்ணும் தெரியாதா?"

"தெரியும். நடக்க முடியும்னு தெரியும்."

கதவு திறந்தது. மாரிசெல்வி வாசலில் நின்றாள். எவ்வளவு கேட்டிருந்தாளோ தெரியாது.

"டாக்டரம்மா, அண்ணாச்சி படத்த நான் ஒரு தடவ பாக்கலாமா?"

டாக்டர் தயங்கினார். யேசுராஜ், "என் படம்தான? நான் சொல்றேன், காட்டுங்க" என்றார்.

படங்கள் மறுபடி திரையில் வந்தன. மாரிசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். தினமும் போர்டுகளைப் பார்த்துப் பழகிய கண்கள் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்தன. பழைய படத்தில் அந்த மூன்று வட்டங்களையும் விரலை வைத்துத் தொட்டாள். அதே இடங்களைப் புதுப் படத்தில் தொட்டாள்.

"இங்கன கரண்டே வக்கலையா?"

"இல்ல மாரி" என்றார் டாக்டர்.

"பக்கத்துலயும் வக்கலையா?"

"இல்லம்மா. நெஞ்சுல மட்டும்தான்."

"ஆத்தாடி!" என்றாள் மாரிசெல்வி. கையெடுத்துக் கும்பிடுகிறவளைப் போல இரண்டு உள்ளங்கைகளும் அவளை அறியாமல் சேர்ந்திருந்தன. முகத்தில் துயரத்தின் சாயலே இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறவள் போல இருந்தாள். "மனுச ஒடம்புக்கு இவ்ளோ தெரியுமா! நாம பாட்டுக்கு எதுவும் தெரியாமத் தூக்கிட்டு அலையுதோம்."

யேசுராஜ் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தங்கச்சி…" என்று மட்டும் சொன்னார்.

"ஏன் அண்ணாச்சி மூஞ்சத் தொங்கப் போடுதிய? எனக்கு நடக்கல, சரி. ஆனா நடக்கும்னு பாத்துட்டேம்லா? சும்மா வாய்ல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "எனக்கு அடுத்தது என்னம்மா?" என்று கேட்டாள்.

அடுத்தது கீமோ என்றார் டாக்டர். அதற்கு முன்னால் ஈரலில் ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கவேண்டும், காவல் ஏன் அங்கே போகவில்லை என்று தெரிந்துகொள்ள. அவளுக்கு அதனால் பலன் இருக்குமா என்று சொல்லமுடியாது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றார்.

"எடுத்துக்கோங்க" என்றாள் மாரிசெல்வி.

கீமோவில் அவள் முடி கொட்டியது. மஞ்சள் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு, நடுவில் ஒரு மாதம்போல் கம்பெனிக்கும் போய்வந்தாள். அவளுடைய லைன் பெண்கள் அவளை நிற்கவே விடாமல் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்களாம். பங்குனியில் ஊர்க் கோயில் கொடைக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். யேசுராஜுக்கு ஒரு பை நிறையச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் கொண்டுவந்தாள். அவர் ஒவ்வொரு ஸ்கேனுக்குப் போகும்போதும், "என்ன அண்ணாச்சி, ஈரல் எப்படி இருக்கு?" என்று பேரப்பிள்ளையை விசாரிப்பது போலப் போனில் விசாரிப்பாள். ஈரல் சுத்தமாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அதற்குச் சந்தோஷப்பட்டாள், ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லவே நா கூசியது.

ஐப்பசி மழையில் அவள் போனாள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடிய நாள். உடலை ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, செல்போன் கம்பெனிப் பெண்கள் யூனிபார்மோடு நனைந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். ஃபாத்திமா அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யேசுராஜ் அழவில்லை. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை என்று யாரைக் கேட்பது?

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போயிருக்கும். ஆய்வு முடிந்துவிட்டது, முடிவைச் சொல்கிறோம், சேர்ந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வரலாம் என்று மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. யேசுராஜ் அப்போது வேலைக்குத் திரும்பியிருந்தார். பெயின்ட் ஷாப்பை விட்டு, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் போட்டிருந்தார்கள். லீவு சொல்லிவிட்டு ஃபாத்திமாவோடு போனார். பேச்சி வருவான் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் பென்னலூர் முனையில் அந்த ஆம்னி வந்து நின்றது.

"உங்களக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான் பேச்சி. மெலிந்திருந்தான்.

கூடம் நிறைந்திருந்தது. யார் நான்கு நாள், யார் மூன்று வாரம் என்று பார்த்தால் தெரியவில்லை. யார் பிழைத்தவர், யார் போனவருக்காக வந்தவர் என்றுகூடச் சிலரிடம் தெரியவில்லை. எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பர்தா போட்ட ஒரு அம்மா, மாலை போட்டுச் சபரிமலைக்கு விரதம் இருக்கும் ஒருவர், காலேஜ் பெண் ஒருத்தி. டாக்டர் ஜோஸ்லின் மேடை ஏறாமல் கீழேயே நின்று பேசினார்.

கதிர் படாத இடத்துக் கட்டி சுருங்கியது இரண்டு கூட்டத்திலும் ஓரளவு பேருக்கு நடந்திருக்கிறது என்றார். ஒரு முறை கொஞ்சம் மேலாகத் தெரிகிறது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம், இத்தனை பேரை வைத்து அடித்துச் சொல்லமுடியாது என்றார். எந்த முறை என்று அவர் சொன்னபோது யேசுராஜ் ஆவலாகத்தான் கேட்டார். ஆனால் ஜெயித்த மாதிரியோ தோற்ற மாதிரியோ எதுவும் தோன்றவில்லை. அவர் கண்கள் அந்தக் கூடத்தின் மேலேயே இருந்தன. இவர்கள் அத்தனை பேரும் அந்த அறைக்குள் தனித்தனியாகப் படுத்து, கதவு மூடியபின் மூச்சைப் பயந்து பயந்து விட்டவர்கள். தன்னைப் போலவே.

"ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்வேன்" என்றார் டாக்டர். "யாருக்கு மருந்து கேக்கலையோ, அவங்க கொடுத்த ரத்தத்திலயும் சதையிலயும்தான் எங்களுக்குப் புது விஷயம் கிடைச்சிருக்கு. காவல் சில பேர் ஈரலுக்குள்ள நுழைய முடியாம வாசல்லயே நிக்குது. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் அடுத்த ஆய்வு. அது தொடங்கியாச்சு."

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். யேசுராஜுக்குப் பக்கத்தில் பேச்சி எழுந்து நின்றான்.

"அந்த வாசல்ல நிக்கதுன்னு சொன்னியளே டாக்டரம்மா. அதக் கண்டுபிடிச்சதுல எங்க மாரிசெல்வியோடதும் உண்டுமா?"

டாக்டர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"இருக்கு பேச்சி. முதல்ல பார்த்ததுல அவங்களோடதும் ஒண்ணு."

பேச்சி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். யேசுராஜ் அவன் முழங்கால் மேல் கையை வைத்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எங்க அண்ணனோடது?" என்று கேட்டார். பெயரைச் சொன்னார். "இருக்குங்க ஐயா" என்றார் டாக்டர். பர்தா போட்ட அம்மா தன் கணவரின் பெயரைச் சொன்னார். அதுவும் இருந்தது. காலேஜ் பெண் எழுந்து, "அம்மா பேரு கிளியம்மாள்" என்றாள். கூட்டம் முடியும் நேரம் தாண்டிவிட்டது. ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் ஜோஸ்லின் கீழே நின்றபடி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.